மாட்டுக்குத் துப்பத் தெரியாது

பசு மாட்டுக்கு மேல் தாடையில முன்பல் கிடையாது. லீவுக்கு வர்ற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து காட்டினா, "தாத்தா, பல்லு விழுந்துருச்சா?"ன்னு கேக்கும். விழல. பொறப்பிலேயே இல்லை. கீழ எட்டுப் பல்லு, மேல கெட்டியான ஈறு, அவ்வளவுதான். நாக்கை நீட்டிப் புல்லை ஒரு சுத்து வளைச்சு, ஈறுல வச்சு அழுத்தி, வெடுக்குனு இழுத்து அப்படியே முழுங்கிரும். மெல்லுறதெல்லாம் அப்புறம். மத்தியானம் நிழல்ல படுத்துக்கிட்டு, உள்ள போனதைக் கொஞ்சம் கொஞ்சமா வாய்க்குக் கொண்டு வந்து அசை போடும். காட்டுல புலிக்குப் பயந்து அவசரமா மேஞ்சுட்டு, பத்திரமான இடத்துக்கு வந்து நிதானமா மெல்லணும்னு அதோட பாட்டன் பூட்டன் காலத்துல அமைஞ்ச ஏற்பாடு.

ஆடு வேற மாதிரி. உதட்டால பொறுக்கும். முள்ளுக்கு நடுவுல இருக்குற இலையை மட்டும் கிள்ளி எடுக்கும். அதுவே சித்திரை வெயில்ல காடு காஞ்சு கெடந்தா கவரைத் தின்னத்தான் செய்யுது. எங்க ஊர்ல கறி போடுற தம்பி குடலைக் கழுவும்போது உருண்டை உருண்டையா எடுத்து ஓரமாப் போடுவார். கேட்டா, "எப்பவும் வர்றதுதாண்ணே"ம்பார். பொறுக்கித் தின்னுற ஆட்டுக்கே இந்தக் கதின்னா, வளைச்சு முழுங்குற மாட்டைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு வளைச்ச வளைப்புல ஆணி வந்தாலும் கம்பி வந்தாலும் கவர் வந்தாலும் உள்ளதான். வாய்க்குள்ள போன பிறகு இது தீனி, இது குப்பைன்னு பிரிச்சுத் துப்புற வித்தை அதுக்குத் தெரியாது.

கவருக்கு வாசனை கிடையாது. அதுக்குள்ள இருக்குற மிச்சச் சோறு, சாம்பார், வாழைப்பழத் தோலு, இதுக்குத்தான் வாசனை. நீங்க சமையக்கட்டு குப்பையை ஒரு கவர்ல போட்டு, நாத்தம் வரக்கூடாதுன்னு வாயை முடிச்சுப் போட்டு வைக்கிறீங்க. மாட்டுக்குக் கை இல்லை. முடிச்சை அவுக்கத் தெரியாது. பழத்தோல் வேணும்னா கவரோடதான் திங்கணும்.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. 2021 ஆவணியில சந்தையில இருந்து ஒரு செவலை மாடு பிடிச்சுட்டு வந்தேன். கலப்பின மாடு, ரெண்டாம் ஈத்துச் சினை, 48,000 ரூபா. பல்லைப் பாத்தோம், மடியைப் பாத்தோம், நடக்கவிட்டுப் பாத்தோம், சுழி கூடப் பாத்தோம். எல்லாம் சரியா இருந்துச்சு. கன்னு போட்டு நேரத்துக்கு நாலரை லிட்டர், ஒருநாளைக்கு ஒம்பது லிட்டர்னு கறந்துச்சு. எட்டு மாசம் ஒரு குறையும் இல்லை.

அதுக்கப்புறம் தீனி குறைய ஆரம்பிச்சுச்சு. தண்ணி குடிக்கும், தவிட்டை மோந்து பாத்துட்டு ஒதுங்கிரும். வயிறு மட்டும் பெருசா இருக்கும், முதுகெலும்பு தள்ளிக்கிட்டு நிக்கும். வாரம் பத்து நாளைக்கு ஒருக்கா உப்புசம். இடது பக்கம் தட்டினா மத்தளம் மாதிரி கேக்கும். நல்லெண்ணெயில பெருங்காயம் கலந்து கொடுத்தோம், மாட்டு டாக்டர் வந்து குழாய் விட்டு வாயுவை எடுத்தார், ஊசி போட்டார். நாலு நாள் நல்லா இருக்கும். மறுபடியும் அதேதான். டாக்டர் இடது விலாவுல கையை வச்சு அமுக்கிப் பாத்துட்டு, "உள்ள மாவு பிசைஞ்ச மாதிரி இருக்கணும்ங்கய்யா, இது மூட்டை மாதிரி இருக்கு. ஆபரேஷன் பண்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது நல்லது"ன்னார். வண்டி பேசி, நாளைக்குக் காலையில ஏத்தலாம்னு இருந்தோம். அன்னைக்கு ராத்திரியே போயிருச்சு.

இன்சூரன்ஸுக்காக அறுத்துப் பாக்க வேண்டியிருந்துச்சு. வேலியோரம் புங்க மரத்தடியில வச்சுத்தான் அறுத்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மாட்டு வயித்துல நாலு அறை. முதல் அறைதான் பெருசு. பெரிய மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல கொள்ளும். தண்ணி ட்ரம் மாதிரின்னு வச்சுக்கங்க. அதுல கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருந்துக்கிட்டு வைக்கோலை ஊற வச்சு, நொதிக்க வச்சுப் பக்குவம் பண்ணுது. அதை ஒட்டி ரெண்டாவது அறை, உள்பக்கம் தேன்கூடு மாதிரி இருக்கும். ஆணி, கம்பி மாதிரி கனமான சாமான் எல்லாம் அங்க போய்த் தங்கும். அதுக்கு நேர் முன்னாடிதான் இருதயம். கம்பி குத்திச் சாகுற மாடுகள் அப்படித்தான் சாகுது. மூணாவது அறைக்குப் போற வாசல் சின்னது. நல்லா அரைஞ்சு கூழான தீனி மட்டும்தான் அதுல இறங்கும். கவர் இறங்காது. சாணியில வெளிய வராது. வாந்தி எடுக்கவும் மாட்டுக்கு வழி இல்லை. ஒருதடவை உள்ள போச்சுன்னா அந்த ட்ரம்முக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், அடுத்தடுத்து வர்றதோட சேந்து முறுக்கிக்கும்.

செவலை வயித்துல இருந்து எடுத்தது ஒரே கட்டி. ஈரக் கயிறைப் பந்து சுத்தின மாதிரி. தவிட்டுத் தராசுல போட்டோம், ஈரத்தோட 23 கிலோ. பிரிச்சுப் பாத்தா கேரி பேக், சாம்பார் கட்டின கவரு ரப்பர் பேண்டோட, சாக்கு நூலு, செருப்பு வாரு ஒண்ணு, நைலான் கயித்துத் துண்டு. ஒரு ஜவுளிக் கடைக் கவருல போட்டிருந்த எழுத்தைப் படிக்க முடிஞ்சுச்சு. எங்க பக்கத்துக் கடை இல்லை. எங்கேயோ ஒரு டவுன் தெருவுல தின்னது. எத்தனை வருசமா சுமந்துக்கிட்டு இருந்துச்சோ. மாடு வாங்குறப்ப அதோட வயித்தையும் சேத்துத்தான் வாங்குறோம், அந்த வயித்தைப் பாக்குறதுக்குச் சந்தையில வழி கிடையாது.

2019 அக்டோபர்ல சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில ஒரு பசுவுக்கு ஆபரேஷன் பண்ணி 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தாங்க. பேப்பர்ல படிச்சிருப்பீங்க. திருமுல்லைவாயல் பக்கத்து மாடு. அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆச்சாம். அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்கும் பட்டணத்துத் தெரு மாட்டுச் சங்கதியாத்தான் தெரிஞ்சுச்சு. எங்க புங்க மரத்தடியில பாத்த பிறகு அப்படி ஒதுக்க முடியலை.

இதுவரைக்கும் சொன்னது கண்ணுக்குத் தெரியுற பிளாஸ்டிக். மாட்டைக் கொல்லும். ஆனா அந்தக் கட்டி பாலுக்குள்ள வராது, கறிக்குள்ள போகாது. வயித்தோட நின்னுரும். உங்களுக்கும் எனக்கும் வர்றது வேற.

டாக்டர் அன்னைக்கே ஒரு வார்த்தை சொன்னார். "கட்டி மட்டும் பிரச்னை இல்லைங்கய்யா. உள்ளேயே ஊறிக்கிட்டு, மண்ணோடயும் கல்லோடயும் உரசிக்கிட்டு இருக்கு. தேஞ்சு பொடியா உதிரும். பிளாஸ்டிக்குல சேத்த சாயமும் மத்த மருந்தும் மெல்லக் கசியும்." கோயம்புத்தூர்ல வேலை பாக்குற மகன் கிட்ட இதைச் சொன்னேன். அவன் தேடிப் படிச்சுட்டுப் போன்ல வாசிச்சுக் காட்டினான். அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா அதுக்கு மைக்ரோபிளாஸ்டிக்னு பேரு. தலைமுடியைவிடச் சன்னமானதும் அதுல உண்டு. 2022ல நெதர்லாந்து நாட்டுல ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் ஒண்ணுல சோதிச்சிருக்காங்க. 12 மாட்டோட ரத்தம் எடுத்துப் பாத்தா பன்னெண்டுலயும் பிளாஸ்டிக் துகள். 25 பால் மாதிரியில 18ல இருந்திருக்கு. அடைச்சு விக்கிற குச்சித் தீவனத்துலயும் இருந்திருக்கு. சின்ன அளவுல பண்ணின முதல் சோதனைதான், இன்னும் பாக்கணும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதே வருசம் அதே ஊர்ல 22 மனுசங்க ரத்தத்தைப் பாத்ததுல 17 பேருக்கு இருந்திருக்கு.

அந்த நாட்டு மாடு டவுன் குப்பைமேட்டுல மேயுற மாடு இல்லை. கொட்டகையில நின்னு தீவனம் திங்குற மாடு. அதுக்கு எப்படி வந்துச்சுங்கிறதுதான் என்னை உறுத்துச்சு. கவரைத் தின்னாத்தான் பிளாஸ்டிக் வரும்னு இருந்த நெனப்பு அதோட போயிருச்சு.

அடுத்த நாள் காலையில தொழுவத்துல நின்னு சும்மா எண்ணிப் பாத்தேன். மூக்கணாங்கயிறு நைலான். கழுத்துக் கயிறும் நைலான். எங்கப்பா காலத்துல புளிச்ச நாரு, கத்தாழை நாரு. தண்ணித் தொட்டி பிளாஸ்டிக் ட்ரம்மைப் பாதியா அறுத்தது. தவிட்டு மூட்டை, புண்ணாக்கு மூட்டை எல்லாம் பிளாஸ்டிக் சாக்கு. மேல தார்ப்பாய். வெயில்ல காஞ்சு பொருபொருன்னு ஆன தார்ப்பாயைக் கையால தேச்சா நீல மாவு ஒட்டுது. காத்தடிச்சா அது நேரா தீனித் தொட்டியில விழுது. மாட்டுக் காதுல இருக்குற மஞ்சத் தோடு, பன்னெண்டு நம்பர் போட்டு அரசாங்கம் மாட்டினது, அதுவும் பிளாஸ்டிக்தான். அது ஒண்ணைத்தான் மாடு திங்காது.

வைக்கோலைச் சொல்லணும். கையால அறுத்து, களத்துல அடிச்சுப் போர் போட்ட காலம் போயிருச்சு. இப்ப மிசின் அறுக்குது, அடுத்த மிசின் வந்து வைக்கோலை உருட்டிக் கட்டாக் கட்டிப் போட்டுட்டுப் போகுது. நிலக்கோட்டை, சோழவந்தான் பக்கம் அறுப்பு முடிஞ்சா ரோட்டுல லாரி லாரியாப் போறதைப் பாத்திருப்பீங்க. கட்டைச் சுத்திச் சணல் கயிறும் வரும், பிளாஸ்டிக் சரடும் வரும். சணல்னா விலை கூட. சரடைப் பிரிச்சு எடுக்காம அப்படியே அரிவாளால ஒரு கொத்து கொத்தி உதறினா, விரல் நீளத் துண்டு பத்து இருபது வைக்கோலுக்குள்ள போயிரும். வைக்கோல் நிறத்துலயே வெளிறிக் கெடக்கும், கண்டுபிடிக்க முடியாது. எங்க வீட்டுல கட்டைப் பிரிக்கிறது ஒரு ஆள்தான், எங்க வீட்டுக்காரம்மா. முடிச்சைத் தேடி, முழுசா உருவி, ஆணியில மாட்டிருவாங்க. தவிட்டுச் சாக்கையும் அறுக்குறதில்லை. தையல்ல ஒரு நுனி இருக்கும், அதைப் பிடிச்சு இழுத்தா சரசரன்னு ஒரே நூலா வந்துரும். அந்த நுனி எதுன்னு தெரியாம அரிவாளைப் போடுறவங்கதான் ஊர்ல அதிகம்.

அடுத்தது நிலம். தக்காளி, தர்பூசணி, மிளகாய் போடுறவங்க பாத்திக்கு மேல சீட்டு விரிக்கிறாங்க. மேல வெள்ளி நிறம், கீழ கறுப்பு. மல்ச்சிங் சீட்டுன்னு பேரு. களை வராது, தண்ணி மிச்சம். அரசாங்கத்துல பாதி மானியமும் உண்டு. பயனைக் குறை சொல்ல முடியாது. களை எடுக்க ஆள் கிடைக்காத ஊர்ல அது பெரிய உதவி. ஆனா அது முடியைவிடக் கொஞ்சம்தான் கனமா இருந்தாலே அதிகம். அவ்வளவு மெலிசு. ஒரு வெள்ளாமை முடிஞ்சு உருவினா முழுசா வராது. மண்ணுக்குள்ள புதைஞ்ச ஓரம் கிழிஞ்சு அங்கேயே நின்னுக்கும். மேல ரோட்டவேட்டர் ஓட்டுவாங்க. அதோட அது சல்லி சல்லியா ஆயிரும். அடுத்த பட்டத்துல அதே நிலத்துல மாட்டுக்குச் சோளம் விதைப்பாங்க. சோளத்தட்டையை வேரோட பிடுங்கி, மண்ணோட கட்டிக் கொண்டு வந்து போட்டா, அந்தச் சல்லியும் கூட வரும். எங்க ஒண்ணரை ஏக்கருக்கும் போடலாம்னு போன வருசம் பேச்சு வந்துச்சு. மகனும் போடுங்கன்னான். நான் வேணாம்னுட்டேன். களை எடுக்க ஆளுக்கு 350 ரூபா கொடுத்துக்கிட்டிருக்கோம், அதுக்காக வீட்டுல இன்னும் எனக்குப் பாட்டு விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு.

இப்ப பாலுக்கு வர்றேன். எங்ககிட்ட மூணு கறவை. கொஞ்சம் சொசைட்டிக்குப் போகும். மீதி பத்து லிட்டர் திண்டுக்கல்ல ஒரு அபார்ட்மெண்ட்டுக்கு எவர்சில்வர் தூக்குல கொண்டு போய் ஊத்துறோம். சொசைட்டி விலையைவிட லிட்டருக்கு இருபது ரூபா கூட. மாசம் ஆறாயிரம் ரூபா வித்தியாசம். மாட்டுத் தீவனச் செலவு அதுலதான் ஓடுது.

அங்க ஒரு வீட்டுல சின்னக் குழந்தை. அந்த அம்மா போன தை மாசம் கேட்டாங்க. "அண்ணே, பால்ல பிளாஸ்டிக் இருக்குன்னு வீடியோ பாத்தேன். உங்க பால்ல இல்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. எங்க குரூப்ல போட்டுட்டா எல்லாரும் உங்ககிட்டயே வாங்குவாங்க." நல்ல மனசோட சொன்னதுதான். அதே அபார்ட்மெண்ட்டுக்கு இன்னொருத்தர் 'நூறு சதம் பிளாஸ்டிக் இல்லாத நாட்டுப் பால்'னு நோட்டீஸ் அடிச்சுக் கொடுத்திருந்தார்.

நான் எழுதித் தரமாட்டேன்னேன். சொசைட்டியில கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத திடப்பொருள் எவ்வளவுன்னு பாக்குறாங்க, தண்ணி கலந்திருக்கா, யூரியா கலந்திருக்கான்னு பாக்குறாங்க. பிளாஸ்டிக் துகள் பாக்குற மிசின் எங்க ஜில்லாவுல எந்தப் பால் டிப்போவுலயும் கிடையாது. நாட்டு அளவுலயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024லதான் லக்னோ, கொச்சி, பிலானி ஆய்வுக்கூடங்களை வச்சு, சாப்பாட்டுல இதை எப்படி அளக்குறதுன்னு முறையை உருவாக்குற வேலையைத் தொடங்கியிருக்கு. அளக்காத ஒண்ணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டா அதுக்குப் பேரு வேற. "தாயி, என் மாடு எங்க மேயுது, என்ன திங்குது, எந்தப் பாத்திரத்துல கறக்குறேன், எதுல கொண்டு வர்றேன், இதை நீங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாம். அதுக்கு மேல நான் ஒரு சீட்டு கொடுத்தா அது பொய்ச் சீட்டு"ன்னேன். என் பேத்தியும் அதே பாலைத்தான் குடிக்கிறா, அதையும் சொன்னேன்.

மூணு வீடு நின்னுருச்சு. நாலு லிட்டர். அந்த அம்மா நிக்கலை, ஆனா முன்ன மாதிரி பேசுறதில்லை. நோட்டீஸ் அடிச்சவருக்கு வியாபாரம் நல்லாத்தான் போகுது.

அந்த நாலு லிட்டர் இப்ப சொசைட்டி கேனுக்குப் போகுது. அதே கேன்லதான் மேலத்தெரு அக்கா பாலும் விழுது. அதைச் சொல்லாம இந்தக் கதையை முடிக்க முடியாது.

அக்காவுக்கு நிலம் இல்லை. வீட்டுக்காரர் போய்ப் பல வருசம் ஆச்சு. ரெண்டு மாடு, அதுலதான் பிழைப்பு. மேய்க்கிறது கண்மாய்க் கரையில. பத்து வருசம் முன்னாடி வரைக்கும் அது நல்ல மேய்ச்சல் தரை. கோரையும் அருகும் மண்டிக் கெடக்கும். இப்ப பக்கத்து டவுன்ல இருந்து குப்பை டிராக்டர் வந்து கரையில கொட்டுது. மண்டபத்துல கல்யாணம் நடந்த மறுநாள் ரெண்டு நடை வரும். இலை, சோறு, பாயாசக் கப்பு, தண்ணி பாட்டிலு, மேசையில விரிச்ச பிளாஸ்டிக் பேப்பர், எல்லாம் சேத்து ஒரே சுருட்டு. 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல அந்தப் பேப்பர், கப்பு, கேரி பேக்குன்னு 14 சாமானுக்குத் தடை. தடை பண்ணினது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா எங்க கண்மாய்க்கு வாங்க, பதினாலையும் காட்டுறேன். மாடு முதல்ல ஓடுறது அந்தச் சுருட்டுக்குத்தான். எச்சில் இலையில இருக்குற உப்பு அதுக்கு அவ்வளவு பிடிக்கும்.

சொசைட்டி கூட்டத்துல ஒருத்தர் எந்திரிச்சார். "குப்பையில மேயுற மாட்டுப் பாலை ஊத்துறதால எல்லார் பாலுக்கும் கெட்ட பேரு. அந்தம்மா பாலை நிறுத்திரலாம்." நாலு பேர் தலையாட்டினாங்க. அக்கா கடைசி வரிசையில முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் கேட்டேன், "உங்க தொழுவத்துல எந்தக் கயித்துல வைக்கோல் கட்டு வருது? உங்க தக்காளிக் காட்டுச் சீட்டு எங்க போச்சு? அதைத் தேடிட்டு வந்து அக்கா பாலைப் பத்திப் பேசுவோம். நிறுத்துறதுன்னா டிராக்டரை நிறுத்துவோம்." கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். அவர் இன்னும் என்கூடப் பேசுறதில்லை. பால் நிக்கலை.

டிராக்டர் விஷயம் அவ்வளவு லேசா முடியலை. ஆகஸ்ட் 15 கிராம சபையில தீர்மானம் போட்டோம். கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். குப்பை டவுனோடது, கண்மாய் எங்க ஊரோடது, கரை வேற ஒரு துறையோடது. மூணு ஆபீசுக்கும் ரெண்டு தடவை நடந்தோம். கடைசியா ஒரு நாள் 'இங்கு குப்பை கொட்டாதீர், மீறினால் அபராதம்'னு போர்டு வந்துச்சு. பிளெக்ஸ் போர்டு. ஆடிக் காத்துல கிழிஞ்சு அந்தக் குப்பையிலேயே போய் விழுந்துச்சு. டிராக்டர் இப்ப பகல்ல வர்றதில்லை, விடியக்காலை நாலு மணிக்கு வருது. அவ்வளவுதான் மாற்றம்.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிறவங்க கிட்ட எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு. சமையக்கட்டு குப்பையைக் கவர்ல முடிஞ்சு போடாதீங்க. வாளியில தனியா வச்சு, வண்டிக்காரங்க கிட்ட அப்படியே கொட்டுங்க. அமாவாசைக்கு வாசல்ல நிக்கிற மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்தா கட்டுன ரப்பர் பேண்டை அவுத்துட்டுக் கொடுங்க. பால் பாக்கெட்டுக்குத் தடையில விலக்கு உண்டு, அது வரத்தான் செய்யும். மூலையை வெட்டுறப்ப முழுசா வெட்டி எறியாம, ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரி வெட்டுங்க. அந்தச் சின்ன முக்கோணத்தை எந்தக் குப்பை பொறுக்குறவரும் குனிஞ்சு எடுக்கமாட்டார். செவலை வயித்துல அது மட்டும் ஒரு கைப்பிடி இருந்துச்சு.

கிணத்து மேட்டுல எங்களுக்கு 10 சென்ட் சும்மா கெடந்துச்சு. புரட்டாசியில மழை விழுந்ததும் அதுல கோ-5 புல்லுக் கரணை ஊனினோம். அக்காவுக்குன்னு பேசி ஊனினது. தண்ணி எங்களோடது, அறுப்பு அக்காவோடது, பதிலுக்கு ரெண்டு மாட்டுச் சாணியும் எங்க நிலத்துக்கு. எழுபத்தஞ்சு நாள்ல முதல் அறுப்பு, அப்புறம் நாப்பத்தஞ்சு நாளுக்கு ஒண்ணு. இப்ப மூணாவது அறுப்பு நடக்குது. காலையில ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு, தலையில வச்சுக் கொண்டு போகுது. கட்டுறதுக்கு வாழை நாரு நாங்க கொடுத்திருக்கோம்.

ரெண்டு மாட்டுக்கு அது பத்தாது. மத்தியானம் ரெண்டு மணி நேரம் இன்னும் கண்மாய்க்குத்தான் ஓட்டுது. நேத்து வரப்புல நின்னு, "யக்கா, அடுத்த பத்து சென்ட்டும் ஊனிருவோம், அதுவரைக்கும் மண்டபத்துல கல்யாணம் நடந்த மறுநாள் மட்டுமாவது கட்டிப் போடு"ன்னேன். "கல்யாணம் என்னைக்குன்னு எனக்கு யாருப்பா பத்திரிகை வைக்கிறா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கட்டைத் தூக்கித் தலையில வச்சுச்சு. அதுவும் சரிதான். இன்னைக்குக் காலையில பால் ஊத்திட்டு வர்ற வழியில மண்டபத்துக்குப் போய், அங்க இருக்குற வாட்ச்மேன் கிட்ட இந்த மாச முகூர்த்தத் தேதி எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டு வந்திருக்கேன். ஆறு கல்யாணம். சாயங்காலம் அக்கா வீட்டு காலண்டர்ல குறிச்சுக் கொடுக்கணும்.